கை எட்டும் தூரம்: கடலூர் வட்டாரத்தில் ஆட்டோகிராப் பழக்கத்தின் வரலாறு

சினிமா நட்சத்திரங்களிடம் கையெழுத்து வாங்கும் பழக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் கோடம்பாக்கத்திலிருந்துதான் தொடங்குவார்கள். ஸ்டுடியோ வாசல், பாதி இறங்கிய கார்க் கண்ணாடி, நீட்டிய நோட்டு என்று கதை நகரும். ஆனால் தமிழ்நாட்டில் சினிமா பார்த்தவர்களில் பெரும்பாலோர் கோடம்பாக்கத்தைக் கண்ணால் கண்டதில்லை. அவர்கள் இருந்தது கடலூர் மாதிரி ஊர்களில். தேவனாம்பட்டினத்து மீனவக் குடும்பங்கள், மஞ்சக்குப்பத்து அலுவலகக் குமாஸ்தாக்கள், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக விடுதி மாணவர்கள், நெய்வேலிச் சுரங்கத் தொழிலாளர்கள் ஆகிய இவர்களுக்கு நட்சத்திரம் என்பது திரையில் தினமும் தெரிந்து, நேரில் பல வருடங்களுக்கு ஒருமுறை வந்துபோகிற ஆள். பழக்கம் எப்படி உருவாயிற்று, எப்படி மாறியது என்பது இந்த ஊர்களிலிருந்து பார்த்தால்தான் தெளிவாகத் தெரிகிறது.

கையெழுத்து வாங்க, கொடுப்பவரும் வாங்குபவரும் கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். பேனாவும் நோட்டும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்த் திரும்ப வேண்டும். தமிழ் சினிமாவின் 90-க்கும் மேற்பட்ட ஆண்டுகளில் அந்தத் தூரம் கூடியும் குறைந்தும் வந்திருக்கிறது. ஒவ்வொரு முறை கூடியபோதும் நட்சத்திரத்தின் அடையாளம் தாளை விட்டு வேறொன்றின் மேல் போய் ஏறியது. தபாலில் வந்த புகைப்படம், ரசிகனின் முன்கை, சட்டமன்ற உறுப்பினரின் லெட்டர் பேடு, கடைசியில் நட்சத்திரத்தின் சொந்தக் கைபேசி என்று அந்தப் பயணம் நீள்கிறது.

பழக்கத்தின் மூலம் சினிமாவுக்கு வெகு முந்தியது. 16-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பல்கலைக்கழக மாணவர்கள் ஆசிரியர்களிடமும் நண்பர்களிடமும் கையெழுத்தும் ஓரிரு வரிகளும் வாங்கிச் சேர்த்த ‘நட்பு ஏடு’களே இதன் முன்னோடி. இந்தியாவில் இது ஆங்கிலக் கல்வியோடு கல்லூரி வளாகத்துக்குள் நுழைந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே கையெழுத்து கேட்கப்பட்டவர்கள் நடிகர்கள் அல்லர்; கவிஞர்களும் தலைவர்களும்தான். தாகூர் கேட்டவர்களுக்கெல்லாம் விசிறியிலும் பட்டுத் துணியிலும்கூடச் சிறு கவிதைகள் எழுதிக் கொடுத்தார். சிறுவனாக சத்யஜித் ராய் சாந்திநிகேதனுக்கு ஆட்டோகிராப் நோட்டை எடுத்துப் போனபோது, தாகூர் அதில் எட்டு வரிக் கவிதை எழுதி, பெரியவனானால் இவனுக்குப் புரியும் என்று சொல்லித் தாயாரிடம் கொடுத்தது பலரும் அறிந்த செய்தி.

கையெழுத்துக்கு இந்தியாவில் பகிரங்கமாக விலை வைத்தவர் காந்தி. ஹரிஜன நிதிக்கு 5 ரூபாய் கொடுத்தால் கையெழுத்து. 1930-களில் 5 ரூபாய் என்பது கூலிக்காரக் குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாத தொகை; அதனால் அவருடைய கையெழுத்தை வாங்கியவர்கள் பெரும்பாலும் வசதியுள்ளவர்கள். 1934 பிப்ரவரியில் ஹரிஜன யாத்திரையின் பகுதியாக அவர் சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் வந்தார். தில்லை எனப்படும் சிதம்பரத்தில் தீண்டாமைக்கு ஆளான சிவபக்தன் நந்தன் கோயில் வாசலுக்கு வெளியே நின்ற கதையை அறிந்த ஊரில், தீண்டாமைக்கு எதிராகப் பேசிய அந்தப் பயணத்தில் பெண்கள் கழற்றிக் கொடுத்த நகைகளும் வந்து சேர்ந்த அன்பளிப்புகளும் மேடையிலேயே ஏலம் போயின. பெரிய மனிதர் ஒருவரின் கைபட்ட பொருளுக்குத் தனி மதிப்பு உண்டு என்ற எண்ணத்தை இந்த ஏலங்கள் ஊர் ஊராகப் பரப்பின. பின்னாளில் சினிமா ரசிகர்கள் மத்தியில் வேலை செய்ததும் இதே எண்ணம்தான். ஒரு வேறுபாடு உண்டு. காந்தியிடம் பணம் கொடுத்தவருக்கு அந்தப் பணம் எங்கே போகிறது என்று தெரியும்.

அடுத்த ஆண்டே நந்தன் சினிமாவுக்கு வந்தான். 1935-இல் வெளியான ‘நந்தனா’ரில் நந்தனாக நடிக்க கே. பி. சுந்தராம்பாளுக்குக் கொடுக்கப்பட்ட சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அன்றைய தமிழ் சினிமாவில் அது வியப்புக்குரிய தொகை. கணவர் எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல் இறந்த பிறகு ஒதுங்கியிருந்தவர் ஆண் வேடத்தில் திரைக்கு வந்தார். 1942-இல் ஜெமினி மீண்டும் எடுத்த ‘நந்தனா’ரில் எம். எம். தண்டபாணி தேசிகர் நடித்தார். இந்த இரண்டாவது நந்தனுக்கும் சிதம்பரத்துக்குமான உறவு திரையோடு முடிந்துவிடவில்லை. தேசிகர் பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராகப் பணியாற்றினார். ஊரெல்லாம் கொட்டகையில் பார்த்து உருகிய நாயகன் கல்லூரித் தாழ்வாரத்தில் மாணவர்களுக்கு நேர் எதிரே நடந்து போனார். சினிமாவுக்கும் கச்சேரிக்கும் கல்விக்கூடத்துக்கும் நடுவே இத்தனை மெல்லிய சுவர் இருந்த காலம் அது. இன்றைய நாயக நடிகர் ஒருவரை அப்படிக் கற்பனை செய்து பார்த்தாலே அன்றைய தூரம் எவ்வளவு குறைவு என்பது புரியும்.

நாடகத்திலும் கச்சேரியிலும் பெயர் பெற்றவர்களே முதல் தலைமுறைத் திரை நட்சத்திரங்கள். எம். கே. தியாகராஜ பாகவதர் 1944 தீபாவளிக்கு வெளிவந்த ‘ஹரிதாஸ்’ மூலம் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டவர்; அதே பாகவதர் கோயில் திருவிழாக்களிலும் கல்யாணப் பந்தல்களிலும் ஊர் ஊராகப் பாடினார். மேடைக்கும் முதல் வரிசைக்கும் பத்தடிதான் இடைவெளி. கச்சேரி முடிந்து அவர் செருப்பு மாட்டும் நேரத்தில் நோட்டை நீட்ட முடிந்தது.

தமிழ்நாட்டில் ஒரு படத்தின் முதல் காட்சி எப்படி இருந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஹாலிவுட்டில் சிட் கிரவுமன் 1922-இல் தன் எகிப்தியன் தியேட்டரில் ‘ராபின் ஹூட்’ படத்துக்கு நடத்திய விழா, நட்சத்திரங்கள் வந்திறங்கும் முதல் காட்சி என்ற வழக்கத்துக்கு அடிகோலியது. 1927-இல் அவர் திறந்த சைனீஸ் தியேட்டரின் முற்றத்தில் ஈர சிமெண்டில் நடிகர்கள் கை, கால் தடங்களைப் பதித்துக் கையெழுத்தும் போட்டார்கள். அங்கே முதல் காட்சியின் மையம் நட்சத்திரத்தின் உடல். வந்தார், நின்றார், கையெழுத்துப் போட்டார் என்பதே செய்தி.

இங்கே மையம் வேறு. 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ வெளியானபோது, பம்பாயிலிருந்து ரயிலில் வந்த படச்சுருள் பெட்டியை மக்கள் ஊர்வலமாக எடுத்துப் போனார்கள், பூத்தூவினார்கள், தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள் என்று தமிழ் சினிமா வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். டி. பி. ராஜலட்சுமி நடித்த படம். ஆனால் தெருவில் போனது பெட்டி. கடலூரிலும் சிதம்பரத்திலும் பிற்காலத்தில் ரசிகர் மன்றங்கள் படப்பெட்டிக்கு மாலை போட்டு, மேளத்தோடு தியேட்டருக்குக் கொண்டுபோனது இந்த மரபின் நேர்த் தொடர்ச்சி. மாசி மகத்தன்று சுற்றுவட்டாரக் கோயில் மூர்த்திகள் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு ஊர்வலமாக வந்து தீர்த்தவாரி காண்பதைப் பார்த்து வளர்ந்த மக்களுக்கு, பெட்டியை ஊர்வலம் விடுவது எப்படி என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அமெரிக்க அரசியல் ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1970-களில் தமிழ் சினிமாவைப் பற்றி எழுதிய ஆய்வுக்குக் கடவுளரின் இடத்தை நட்சத்திரங்கள் பிடிப்பதைத் தலைப்பாக வைத்தார். தலைப்பு கவர்ச்சியானது, என்றாலும் பொருத்தம் குறைவு. கடவுளர் இடம் பெயரவில்லை. அவர்களுக்குச் செய்த ஊர்வலத்தின் வடிவத்தைச் சினிமா கடன் வாங்கிக்கொண்டது.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. பெட்டி வந்தாலே படம் வந்ததாக அர்த்தம் என்பதால், வெளியூர்த் தியேட்டரில் முதல் நாள் முதல் ஷோ என்பது நட்சத்திரம் இல்லாத விழா. சிவாஜி கணேசனின் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959 மே 10 அன்று லண்டனில் முதல் காட்சி கண்டு, ஆறு நாள் கழித்து மே 16-இல் தமிழ்நாட்டில் வெளியானது. அந்தப் படத்தை மாவட்டத் தலைநகரங்களில் முண்டியடித்துப் பார்த்தவர்கள் வெள்ளித்திரையில் கட்டபொம்மனைக் கண்டார்கள், கணேசனைக் காணவில்லை. அவர் வர வேண்டுமானால் நூறாவது நாள் விழா, நாடகம், கட்சிக் கூட்டம் இவற்றில் ஏதாவது ஒன்று நடக்க வேண்டும். ஆகவே கடலூர் மாதிரி ஊர்களில் ஆட்டோகிராப் வாங்கிய இடங்கள் தியேட்டர் வாசல்கள் அல்ல. கல்லூரி ஆண்டு விழா, பொருட்காட்சி மேடை, தேர்தல் பிரசாரத்துக்கு வந்தவர் தங்கிய டிராவலர்ஸ் பங்களா போன்ற இடங்கள். நாடகமும் தேர்தலும் அந்தத் தூரத்தைக் குறைத்தன, சினிமா கூட்டியது.

அந்த நோட்டையும் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்க்கலாம். உள்ளங்கை அளவு, பக்கவாட்டில் நீண்டது, மேலே கெட்டி அட்டையோ ரெக்ஸினோ. உள்ளே இளஞ்சிவப்பு, வெளிர் மஞ்சள், பச்சை, நீலம் என்று நிறம் மாறிமாறி வரும் கோடில்லாத தாள்கள். முக்கியமானவருக்கென்று நடுப்பக்கத்தை ஒதுக்கி வைப்பார்கள். அந்த முக்கியமானவர் வராமலே போக, நடுப்பக்கம் வெறுமையாக நின்றுவிட்ட நோட்டுகளும் உண்டு. மைப் பேனாக் காலத்து நோட்டில் எதிர்ப்பக்கத்தில் கையெழுத்தின் மங்கலான மறுபிரதி ஒட்டியிருக்கும். கூட்டத்தில் நின்று வாங்கியவர் மை உலரும் முன்பே நோட்டை மூடிவிட்டார் என்று பொருள். பால்பாயிண்ட் வந்த பிறகு அந்தத் தடயம் இல்லை. மாறாக, யாருடைய முதுகிலோ வைத்து அழுத்தி எழுதியதால் தாளின் பின்புறத்தில் புடைப்பு தெரியும். வாங்கிய சூழ்நிலையைக் கையெழுத்தைவிடத் தாளே அதிகம் சொல்கிறது. ஆய்வாளர் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

நேரில் கிடைக்காததைத் தபால் கொடுத்தது. 1942-இல் தொடங்கிய ‘பேசும் படம்’, 1966-இல் வந்த ‘பொம்மை’ முதலிய பத்திரிகைகள் நட்சத்திரத்துக்கும் வெளியூர் வாசகருக்கும் நடுவே ஒரு பாலம் போட்டன. கேள்வி-பதில் பகுதியில் பெயரும் ஊரும் அச்சாவதே பெரிய பரிசு. சுயமுகவரி எழுதித் தபால் தலை ஒட்டிய உறையோடு நட்சத்திரத்துக்குக் கடிதம் போட்டால், கையெழுத்திட்ட புகைப்படம் வரும். கையெழுத்து சிலவற்றில் பேனாவால் போட்டது, பலவற்றில் படத்தோடு சேர்த்து அச்சடித்தது. ஹாலிவுட்டில் உதவியாளர்களே நட்சத்திரத்தின் பெயரைக் கையெழுத்தாகப் போட்டு ஆயிரக்கணக்கில் அனுப்பியதைப் போன்ற ஏற்பாடு இது. அசலா நகலா என்று பிரித்துப் பார்க்கும் அவசியம் அதை வாங்கியவர்களுக்கு இல்லை. தன் பெயர் எழுதிய உறை சென்னைக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது, தபால்காரர் தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தார் என்பதிலேயே அந்தப் படத்தின் பெறுமதி அடங்கியிருந்தது.

தபால் வழியில் இன்னொரு நன்மையும் இருந்தது. கூட்டத்தில் முண்டியடிக்க முடியாத, வீட்டை விட்டுத் தனியாகப் போக முடியாத பெண்களும் சிறுமிகளும் கடிதம் எழுத முடிந்தது. மதுரையில் கள ஆய்வு செய்து 1993-இல் நூல் வெளியிட்ட சாரா டிக்கி, ரசிகர் மன்றங்கள் ஏறக்குறைய முழுவதும் ஆண்களின் அமைப்புகள் என்பதைப் பதிவு செய்கிறார். கொடி கட்டியது, பெட்டிக்கு மாலை போட்டது, டிக்கெட்டுக்கு இரவெல்லாம் வரிசையில் நின்றது எல்லாம் ஆண்கள். ஆனால் கதைகளிலும் படங்களிலும் சினிமாப் பைத்தியமாகச் சித்திரிக்கப்பட்டது பெண். மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தனின் ‘சினிமாவுக்குப் போன சித்தாளு’வில் நட்சத்திர மோகத்தில் வாழ்க்கையைத் தொலைப்பவள் ரிக்ஷாக்காரரின் மனைவி. இந்தி ‘குட்டி’யின் தழுவலாக 1975-இல் வந்த ‘சினிமா பைத்திய’த்தில் நடிகரை உண்மையிலேயே காதலிப்பதாக நம்பும் பள்ளி மாணவி ஜெயசித்ரா. ஜெயகாந்தனின் கோபம் நட்சத்திர அரசியலின் மேல். அதில் நியாயம் இருந்தது. ஆனாலும் அந்தக் கோபத்தின் சுமையை ஏழைப் பெண் ஒருத்தியின் தலையில் ஏற்றியது அவருடைய காலத்தின் பொதுப் பார்வையை ஒட்டியது என்றே சொல்ல வேண்டும். மன்றத்து ஆண் விழா எடுத்தால் கட்சித் தொண்டனானான். பெண் படத்தை ஒட்டி வைத்தால் புத்தி கலங்கியவளானாள்.

1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டுத் தனிக்கட்சி தொடங்கியபோது ரசிகர் மன்றங்கள் பெருமளவில் கட்சிக் கிளைகளாயின. நட்சத்திரத்தின் அடையாளம் தாளிலிருந்து உடம்புக்கு ஏறியது இதற்குப் பிறகுதான். 1970-களின் நடுவில் கட்சிக்காரர்கள் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்று எம்.ஜி.ஆர். கேட்டுக்கொண்டார். கட்சிக்குள் சிலர் எதிர்த்தார்கள், ஏராளமானோர் குத்திக்கொண்டார்கள். இன்றும் மீன்பிடித் துறைகளிலும் வயல்காட்டிலும் வயதானவர்களின் முன்கையில் நிறம் மங்கிய அந்தக் கொடியைப் பார்க்கலாம். நோட்டைத் தொலைக்கலாம், கரையான் அரிக்கலாம். இதைத் தொலைக்க முடியாது. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-இல் வெளியிட்ட ஆய்வில் எம்.ஜி.ஆரின் பிம்பம் ஏழைகளிடம் எப்படி வேரூன்றியது என்பதை ஆராய்ந்தார். பிம்பத்தைப் பற்றிய அந்த ஆய்வோடு இந்தப் பச்சை குத்தலையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எம்.ஜி.ஆர். முதலமைச்சரான பிறகு தமிழ்க் கையெழுத்தின் வரலாற்றிலேயே இரண்டு மாற்றங்கள் நடந்தன. அரசு ஊழியர்கள் தமிழில் கையொப்பமிட வேண்டும் என்று 1978-இல் அரசாணை வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்றது. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் யானைத் தும்பிக்கைக் கொம்பு போயிற்று, ணா, றா, னா முதலியவையும் வடிவம் மாறின. தேதியில்லாத ஆட்டோகிராப் நோட்டுக்குக் காலம் குறிக்க இது உதவும். வாழ்த்து வரியில் தும்பிக்கை போட்ட ‘லை’ இருந்தால் பக்கம் பெரும்பாலும் 1978-க்கு முந்தியது. பழைய தலைமுறையினர் பிறகும் பல ஆண்டுகள் பழைய வடிவத்திலேயே எழுதினார்கள் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. மை, தாள், பக்கத்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடலூர் மாவட்டத்துக்கே உரிய அத்தியாயம் 2006-இல் வந்தது. 2005 செப்டம்பரில் மதுரையில் தே.மு.தி.க.வைத் தொடங்கிய விஜயகாந்த் அடுத்த ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் விருத்தாசலத்தில் நின்று வென்றார். கட்சி சார்பில் வென்றவர் அவர் ஒருவர்தான். அதுவரை ரசிகர் நோட்டில் போட்ட கையெழுத்து அதன்பின் பரிந்துரைக் கடிதத்திலும் தொகுதி மேம்பாட்டு நிதிக் கோரிக்கையிலும் விழுந்தது. பள்ளிக்கு வகுப்பறை, தெருவுக்குச் சாலை, மருத்துவ உதவி என்று மனுவோடு வருகிறவருக்கு நட்சத்திரத்தின் கையெழுத்து நினைவுப் பொருளாக இல்லை. அரசு அலுவலகத்தில் அடுத்த மேசைக்குக் கோப்பை நகர்த்துகிற கருவியாக இருந்தது. எம்.ஜி.ஆர். காலத்திலேயே மாநில அளவில் நடந்த மாற்றம்தான். ஒரு தொகுதிக்காரர்கள் தங்கள் ஊரிலேயே அதை அனுபவித்ததுதான் இங்கே புதிது. ரசிகர் மன்றத்தில் பத்து வருடம் உழைத்தவர் கையெழுத்து கேட்டார், படமே பார்க்காத மூதாட்டியும் கேட்டார். சட்டப்படி இருவருக்கும் ஒரே உரிமை. ஆட்டோகிராப் வரலாற்றில் இத்தகைய சமத்துவம் வேறெப்போதும் வாய்த்ததில்லை.

நட்சத்திரக் கையெழுத்தும் அரசாங்கக் கையெழுத்தும் ஒன்றான பாதையின் மறுமுனையை, நடிகையாக இருந்து முதலமைச்சரான ஜெயலலிதாவின் கடைசி மாதங்களில் பார்க்கலாம். பள்ளி நாட்களில் கிரிக்கெட் வீரர் நரி கான்டிராக்டரைப் பார்க்கவே டெஸ்ட் மேட்சுக்குப் பைனாகுலரோடு போனதாக 1999-இல் சிமி கரேவாலிடம் சொன்னவர் அவர். ரசிகையின் மனம் அவருக்கும் தெரியும். 2016-இல் மருத்துவமனையில் இருந்தபோது இடைத்தேர்தல் வேட்பாளர்களுக்கான கட்சிப் படிவங்களில் அவருடைய இடது கைப் பெருவிரல் ரேகை பதிக்கப்பட்டது. அந்த ரேகை செல்லுமா என்ற வழக்கில் 2019 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பரங்குன்றம் தேர்தல் வெற்றியைச் செல்லாது என்றது. லட்சக்கணக்கானோர் வேண்டி நின்ற ஒருவரின் கையெழுத்து, தன் உணர்வோடு போடப்பட்டதா என்று நீதிமன்றம் சான்று கேட்கும் நிலை வந்தது.

தேவனாம்பட்டினத்துக்கு நட்சத்திரம் வந்து தங்கியது மிகக் கொடிய காலத்தில். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட கிராமங்களில் தேவனாம்பட்டினமும் ஒன்று. 2005 ஜனவரியில் இந்தி நடிகர் விவேக் ஓபராய் அங்கே வந்து முகாமிட்டு நிவாரணப் பணியில் இறங்கினார். தேசியப் பத்திரிகைகளில் கிராமத்தின் பெயர் அடிபட்டது. நட்சத்திரம் கை எட்டும் தூரத்தில் நாட்கணக்கில் இருந்த அபூர்வ நேரம். அப்போது கிராமத்துக்குத் தேவைப்பட்டவை படகு, வலை, கூரை. எந்த நடிகர் வந்தாலும் கூட்டம் கூடும் என்று பொதுவாகச் சொல்கிறவர்கள் இந்த நாட்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சுனாமி வந்த அதே 2004-இன் தொடக்கத்தில்தான் சேரனின் ‘ஆட்டோகிராப்’ வெளியானது. சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருது, பாடலாசிரியர் பா. விஜய்க்கும் பாடகி சித்ராவுக்கும் தேசிய விருதுகள் என்று அது பெற்ற வரவேற்பு தெரிந்ததே. படத்தின் கதையில் சினிமா நட்சத்திரம் யாருமில்லை. பழைய தோழர்களையும் காதலிகளையும் கல்யாணத்துக்கு அழைக்கப் போகிறவனின் கதை. பள்ளி, கல்லூரிக் கடைசி நாளில் வகுப்புத் தோழர்கள் நோட்டில் எழுதிக்கொள்ளும் வழக்கமே தமிழ்நாட்டில் ஆட்டோகிராப்பின் மிகப் பரவலான வடிவம் என்பதை அந்தப் படத்தின் வெற்றி நிரூபித்தது. ஐரோப்பிய மாணவர்களிடம் தோன்றி, தலைவர்களையும் நட்சத்திரங்களையும் சுற்றி வந்த பழக்கம் மாணவர்களிடமே திரும்பிச் சேர்ந்திருந்தது.

நட்சத்திரப் பக்கத்தில் நோட்டை விரட்டியது கைபேசிக் கேமரா. ரஜினிகாந்த் 2017 மே, டிசம்பர் மாதங்களில் சென்னை ராகவேந்திரா மண்டபத்தில் ரசிகர்களை மாவட்டவாரியாக வரவழைத்தபோது நிகழ்ச்சியின் பெயரே ரசிகர்களுடன் புகைப்படம் எடுத்துக்கொள்வது. வரிசையாக வந்து, பக்கத்தில் நின்று, படம் எடுத்து நகர வேண்டும். கையெழுத்துக்கு ஆகும் நேரத்தைவிடக் குறைவு. பேர் என்ன என்று கேட்டு எழுத வேண்டிய அவசியமும் இல்லை. பழைய நோட்டில் நட்சத்திரம் ரசிகரின் பெயரையும் ஒருமுறை தன் கையால் எழுதினார். புகைப்படத்தில் அந்தப் பெயர் விடுபட்டுப்போனது. இது சிறிய இழப்பு என்று தள்ளிவிட முடியாது.

நெய்வேலி இரண்டு காட்சிகளை வைத்திருக்கிறது. 2002 அக்டோபர் 12 அன்று காவிரி நீர் கேட்டு பாரதிராஜா தலைமையில் திரையுலகினர் நெய்வேலியில் திரண்டு ஊர்வலம் போனார்கள். கோரிக்கையோடு வந்தவர்கள் நட்சத்திரங்கள். வேடிக்கை பார்த்தவர்கள் சுற்றுவட்டார மக்கள். 2020 பிப்ரவரியில் ‘மாஸ்டர்’ படப்பிடிப்புக்காக நெய்வேலிச் சுரங்கப் பகுதியில் இருந்த நடிகர் விஜய்யை வருமான வரித் துறையினர் அங்கேயே வந்து விசாரித்து அழைத்துப் போனார்கள். அவர் படப்பிடிப்புக்குத் திரும்பிய பின் நாள்தோறும் வாசலில் கூட்டம் பெருகியது. பிப்ரவரி 9 அன்று அவர் ஒரு வாகனத்தின் மேல் ஏறி, கூட்டத்துக்கு முதுகு காட்டி, தன் கைபேசியை உயர்த்தி செல்பி எடுத்தார். மறுநாள் நெய்வேலிக்கு நன்றி சொல்லி ட்விட்டரில் வெளியிட்டார். அந்த ஆண்டு இந்தியாவில் மிக அதிகமாக மறுபகிர்வு செய்யப்பட்ட பதிவு அதுவே என்று டிசம்பரில் ட்விட்டர் நிறுவனம் அறிவித்தது. எண்ணிக்கை ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது.

ஆட்டோகிராப் வரலாற்றில் இந்தப் படம் ஒரு தலைகீழ் மாற்றம். நோட்டு ரசிகருடையது, கை நட்சத்திரத்துடையது என்பது பழைய முறை. நெய்வேலியில் கருவியும் நட்சத்திரத்துடையது, படமும் நட்சத்திரத்துடையது; ரசிகர் அதற்குள் ஆயிரக்கணக்கான தலைகளில் ஒரு தலை. நினைவுப் பொருள் சேர்த்தவர் அன்று நட்சத்திரம்தான். இருந்தும் அந்தப் படத்தைத் தங்கள் கைபேசியில் பெரிதாக்கி, இதோ இந்த நீலச் சட்டைதான் நான் என்று காட்டும் இளைஞர்களை ஏளனம் செய்வது எளிது, சரியன்று. தன் பெயர் எழுதிய உறை சென்னைக்குப் போய்த் திரும்பியதில் மகிழ்ந்தவரும் இதையேதான் நாடினார்.

படப்பெட்டி இப்போது இல்லை. டிஜிட்டல் திரையிடல் வந்தபின் படம் கோப்பாக வருகிறது. மாலை போட எதுவும் மிஞ்சவில்லை. அந்த இடத்தைக் கட்-அவுட்டும் பாலாபிஷேகமும் ஃபிளெக்ஸும் நிரப்பின. ஃபிளெக்ஸின் அடிப்பகுதியைக் கவனித்துப் பார்க்க வேண்டும். நட்சத்திரத்தின் பெரிய முகத்துக்குக் கீழே வரிசை வரிசையாகத் தெருப் பையன்களின் பாஸ்போர்ட் அளவுப் படங்கள், பெயர்கள், பட்டப்பெயர்கள். நட்சத்திரம் எழுதித் தராத பெயரைத் தாங்களே அச்சடித்துக்கொள்கிறார்கள். அதிகாலைக் காட்சிக் கொண்டாட்டங்களில் உயிர்ப்பலி நேர்ந்தது. 2023 ஜனவரியில் சென்னை ரோகிணி தியேட்டர் வாசலில் லாரி மேல் ஏறி ஆடிய இளைஞர் விழுந்து இறந்தார். அக்டோபரில் ‘லியோ’வுக்குக் காலை 9 மணிக்கு முன் காட்சி கூடாது என்று அரசு நிபந்தனை விதித்தது. 2024 டிசம்பர் 4 அன்று ஹைதராபாத் சந்தியா தியேட்டரில் ‘புஷ்பா 2’ சிறப்புக் காட்சிக்கு அல்லு அர்ஜுன் வந்தபோது ஏற்பட்ட நெரிசலில் ஒரு பெண் உயிரிழந்தார். முதல் காட்சிக்கு நட்சத்திரமே வருகிற ஹாலிவுட் முறை இங்கே வந்து சேர்ந்த வேளையில், அதைத் தாங்கும் வாசலும் காவலும் இருக்கவில்லை.

இந்த வரலாற்றை முழுமையாக எழுதச் சான்றுகள் வேண்டும். நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், ஸ்டில் ஆகியவற்றுக்குக் காப்பாளர்கள் கிடைத்தார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்தவை அவர் பெயரிலான சென்னை ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கின்றன. 1958-இல் ‘நாடோடி மன்ன’னில் மக்கள் தொடர்பாளராக அறிமுகமான ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாளெல்லாம் திரட்டிய படங்களையும் தகவல்களையும் 2002-இல் தமிழக அரசு விலைக்கு வாங்கியது. ஆட்டோகிராப் நோட்டுகளோ வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில் கிடக்கின்றன. கடலூர்க் கடற்கரையில் 2004-இல் எத்தனை பெட்டிகளை அலை கொண்டுபோயிற்றோ தெரியாது. தேவனாம்பட்டினத்திலேயே பெரியார் அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது, சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் இருக்கிறது. வரலாறும் தமிழும் படிக்கும் மாணவர்கள் தங்கள் தெருவிலிருந்தே தொடங்கலாம். நோட்டைக் கேட்டு வாங்க வேண்டியதில்லை. பக்கங்களைப் படமெடுத்து, உடையவரிடம் நான்கு விவரம் கேட்டுப் பதிந்தால் போதும். எந்த ஊரில், என்ன நிகழ்ச்சியில், யார் அழைத்துப் போனார்கள், பேனா யாருடையது. கையெழுத்துப் போட்டவரைப் பற்றி அச்சில் நிறைய இருக்கிறது. வாங்கியவரைப் பற்றிய இந்த நான்கு விவரமும் அவர் நினைவில் மட்டுமே இருக்கிறது, அவர்களில் பலருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல்.